எட்டி மரமும் சாம்பல் நிற அணிலும்

மலையடிவாரத்தில் மா, புளி, தென்னைத் தோப்புகளையுடைய விவசாயிகள் எட்டி மரத்தை விஷமென்று அஞ்சுகிறார்கள்; சாம்பல் நிற அணிலைத் திருடனென்று வெறுக்கிறார்கள். இவ்விரண்டின் குணங்களையும் ஒப்பிட்டு நோக்கினால், ஒன்றைக்கொண்டு மற்றொன்றை ஒழிக்க முயல்வது எத்துணைத் தவறென்பது விளங்கும்.

எட்டிப் பழத்தினுள் காசுபோல் தட்டையான, பட்டு ரோமம் போர்த்த விதைகள் உள்ளன. அவற்றிலுள்ள ஸ்ட்ரிக்னின் என்னும் விஷம் நரம்புகளைத் தாக்கும். உண்ட பிராணி உடல் விறைத்து, வலிப்புக் கண்டு, மூச்சடைத்து மடியும். எனினும் மரம் நின்ற இடத்திலேயே நிற்பது. அதன் இலை நெல்வயலுக்குத் தழையுரமாகிறது. அதன் கட்டையைக் கரையான் அரிப்பதில்லை.

அணிலோ இடம் பெயர்வது. நிலத்தில் இறங்குவது அரிது. கிளைகள் கூடுமிடத்தில் இலையாலும் சுள்ளியாலும் கூடு கட்டி, மரத்துக்கு மரம் தாவியே செல்லும். தோப்பின் கிளைகள் காட்டு மரங்களோடு கலந்திருந்தால் எளிதில் உள்ளே வந்து மாங்காய், புளி முதலியவற்றைத் தின்னும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலுமன்றி வேறெங்கும் இவ்வினம் இல்லை. இதன் பொருட்டே 1988-ம் வருஷத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் ஏற்பட்டது. 2021-ல் அது மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கப்பட்டது.

எட்டி விதையை இரையில் கலந்து வைத்தால் அணிலோடு தீங்கு நிற்பதில்லை. செத்த பிராணியின் வயிற்றில் விஷம் எஞ்சியிருக்குமாதலால், அதைத் தின்னும் நாயும் பருந்தும் மடியும். இரையை எடுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்துண்டு. மேலும், 1972-ம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, விஷமிட்டுக் கொல்வதும் வேட்டையாகவே கருதப்பட்டுச் சிறைத் தண்டனைக்குரியதாகும்.

ஆகவே செய்யத்தக்கவை இவை: தோப்பின் ஓரத்து மரக்கிளைகளைக் கவாத்துச் செய்து, காட்டு மரங்களோடு தொடாவண்ணம் இடைவெளி விடுக. கூடுள்ள கிளைகளை வெட்டற்க. அடிமரத்தில் தகரம் சுற்றுவது எலிக்கு உதவுமேயன்றி, மேலே தாவி வரும் அணிலுக்குப் பயன்படாது. முற்றிய காய்களைக் காலந்தாழ்த்தாது பறித்துவிடுக. சேதம் அதிகமாயின் வனத்துறையினருக்கு மனுச் செய்து கொள்க.

கிராம உத்தியோகஸ்தர்கள் விஷ இரை வைக்கும் வழக்கம் தங்கள் எல்லையில் தலைகாட்டாதபடி முன்னதாகவே எடுத்துரைத்தல் நலம். ஒரு பருவத்துக் காய்களில் நேரும் நஷ்டத்தை அடுத்த பருவத்தில் ஈடு செய்யலாம். விஷத்தால் போன உயிரை ஈடு செய்யும் வழி எதுவுமில்லை.