வாவிக் கரையின் திருப்புமுனைகள்

மட்டக்களப்பு வாவியிலே, புளியந்தீவின் ஓரத்தில் நிற்கும் கோட்டை மூன்று ஐரோப்பியக் கொடிகளைக் கண்டது. 1628ஆம் ஆண்டில் போர்த்துக்கீசர் அதனை எழுப்பினர். 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அதனுட் புகுந்தனர். பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடஞ் செய்யும் ஆண்டுகள் இவை. ஆயினும், ஒரு நாட்டு மக்களின் வாழ்வு எவ்விடத்தே திரும்பிற்று என வினவுவார்க்குக் கொடி மாறிய நாட்களைக் கூறுதல் போதிய விடையாகுமா? கோட்டையிற் கொடி மாறிய மறுநாளும் உழவன் வழக்கம்போல் வயலுக்குச் சென்றான். மீனவன் தோணியைத் தள்ளி வலை வீசினான். அவர்களுடைய வாழ்வைத் திருப்பியவை எவை என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கோட்டையின் கதையிலும் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1602ஆம் ஆண்டிலே ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கப்பற்றலைவர் மட்டக்களப்புக் கடலில் நங்கூரமிட்டு, அங்கிருந்து கண்டிக்குச் சென்று மன்னன் முதலாம் விமலதர்மசூரியனைக் கண்டு நட்புப் பூண்டார். போர்த்துக்கீசரோடு இடையறாது பொருதுவந்த கண்டியரசுக்கு இந்நட்பு வேண்டியதாயிருந்தது. முப்பத்தாறு ஆண்டுகளின் பின், கோட்டை வீழ்ந்த சில நாட்களுள், இரண்டாம் இராஜசிங்க மன்னனும் ஒல்லாந்தக் கடற்படைத் தலைவர் வெஸ்டர்வோல்டும் மட்டக்களப்பிலே உடன்படிக்கை செய்துகொண்டனர். பிடிபடும் கோட்டைகளில் மன்னன் விரும்பினால் ஒல்லாந்தர் காவற்படை வைக்கலாம் என்பது மன்னன் கொண்ட பொருள். 'மன்னன் விரும்பினால்' என்னும் நிபந்தனை ஒல்லாந்தர் கைக்கொண்ட படியில் இடம்பெறவில்லை. துணைவராக அழைக்கப்பட்டோர் உரிமையாளராக நிலைத்தமைக்கு இதுவும் ஒரு வாயிலாயிற்று. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு கண்டியரசு கரைநாடு முழுவதையும் இழந்தது. எழுத்தில் விடுபட்ட ஒரு நிபந்தனை எத்துணை விலை பெறும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கொடிகள் மாறிய காலத்தும் மாறாதிருந்தது வாவிக் கரையின் குடிமுறை. இங்குக் குடி என்பது தாய்வழியால் வருவது. பிறக்கும் பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணஞ் செய்தல் ஆகாது. தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் இம்முறை ஒருங்கே வழங்குதல் இந்நிலத்தின் தனிச்சிறப்பு. கோயிலில் வண்ணக்கர் பதவியும், பள்ளிவாசலில் மரைக்காயர் பொறுப்பும் குடிகளின் வழியாகவே பகிரப்பட்டு வந்தன. முக்குவர் சட்டம் எனப்பட்ட வழமையின்படி, ஓர் ஆடவனுக்கு முன்னோர் வழி வந்த முதுசச் சொத்து அவன் மக்களுக்குச் செல்லாது உடன்பிறந்தாளின் மக்களையே சேர்ந்தது. 1876ஆம் ஆண்டில் பிறிற்றோ என்பார் இவ்வழமையைத் தொகுத்து நூலாக்கினார். அதே ஆண்டிற் பிறந்த 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மணவுரிமையையும் மரபுரிமையையும் பொதுவிதிக்கு உட்படுத்தவே, முக்குவர் சட்டம் நீதிமன்றத்தில் வழக்கற்றது. நூலாகத் தொகுக்கப்பட்ட ஆண்டே அதன் இறுதியாண்டும் ஆனமை வியப்பிற்குரியது.

எனினும், ஏட்டில் மறைந்த சட்டம் இல்லத்தில் மறையவில்லை. மகளுக்கு மனையைச் சீதனமாக எழுதுதல், மணந்த மருமகன் பெண்வீட்டில் வந்து வாழுதல், குடியைத் தாய்வழியில் எண்ணுதல் ஆகியன தொடர்ந்து நின்றன. நிலமும் மாடும் மிகுந்த போடியார் வீட்டிலும், கூலியாளின் குடிசையிலும் வீடு பெண்ணுக்குரியது என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது. ஆகவே, சட்டம் திரும்புதல் வேறு. வாழ்வு திரும்புதல் வேறு. இவ்விரண்டும் எப்போது ஒன்றுசேர்கின்றனவோ அப்போதே உண்மையான திருப்புமுனை தோன்றுகின்றது.

அத்தகைய திருப்பம் ஒன்று ஓசையின்றி நிகழ்ந்தது. 1814ஆம் ஆண்டில் வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த போதகர் மட்டக்களப்பிற்கு வந்து பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவர் காலமாயினார். ஓராண்டுகூட நிரம்பாத அப்பணி அவருடன் அழிந்துவிடவில்லை; மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. 1873ஆம் ஆண்டில் புனித மிக்கேல் கல்லூரி எழுந்தது. அக்கல்லூரியிற் பயின்ற காரைதீவு மயில்வாகனனார் பின்னர்த் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனார். 1929ஆம் ஆண்டில் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் அவர் முயற்சியால் திறக்கப்பட்டது. அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதற் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943ஆம் ஆண்டு முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகவும் விளங்கி, 1947ஆம் ஆண்டில் 'யாழ் நூல்' வெளிவந்த சின்னாட்களில் மறைந்தார். 1981ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி கிடைத்தது. 1986ஆம் ஆண்டில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஒரு போதகரின் சிறு பள்ளிக்கும் வந்தாறுமூலை வளாகத்திற்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டிற்கு மேற்பட்ட காலம் கிடக்கின்றது. கல்வியின் திருப்பம் மெல்ல வருவது, வந்தபின் பின்வாங்காதது.

அடுத்த திருப்பத்தை உணர, கடல்கடந்த ஒரு நாட்டின் வரலாற்றை அருகில் வைத்து நோக்குதல் தகும். அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1776ஆம் ஆண்டில், மாந்தர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று உலகறிய முழங்கின. அம்முழக்கம் எழுந்தபோது அந்நாட்டின் வயல்களில் ஆயிரமாயிரம் கறுப்பின மக்கள் அடிமைகளாக உழைத்துக்கொண்டிருந்தனர். பெரும் உள்நாட்டுப் போர் ஒன்று நிகழ்ந்த பின்னரே, 1865ஆம் ஆண்டில், அடிமைமுறை அரசியலமைப்பால் ஒழிக்கப்பட்டது. 1870ஆம் ஆண்டில் நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுத்தல் ஆகாதென விதிக்கப்பட்டது. ஆயினும் தென்மாநிலங்கள் எழுத்தறிவுத் தேர்வு என்றும், தலைவரி என்றும் தடைகளை இட்டு அவ்வுரிமையை வெற்றெழுத்தாக்கின. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமே அத்தடைகளைத் தகர்த்தது. எழுதிய உரிமை கைக்கு வந்துசேர 95 ஆண்டுகள் சென்றன.

இலங்கையில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. 1927ஆம் ஆண்டில் வந்த டொனமூர் ஆணைக்குழுவினரின் விதப்புரைக்கு முன்னர், இந்நாட்டு மக்களில் நூற்றுக்கு நால்வரளவினரே வாக்குரிமை பெற்றிருந்தனர். கல்வி, சொத்து, வருவாய் என்பன அதற்கு அளவுகோல்களாயிருந்தன. எல்லார்க்கும் வாக்குரிமை அளித்தலைத் தலைவர்கள் பலர் அஞ்சினர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் எதிர்த்தவர்களுள் ஒருவர். பெண்களுக்கு முப்பது வயதின் பின்னரே வாக்கு எனக் குழு முதலிற் கூறியிருந்தும், ஈற்றில் இருபாலார்க்கும் 21 வயதே விதியாயிற்று. 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் எழுத்தறியாத உழவனும், நெல் குற்றும் பெண்ணும், போடியாரும் ஒரே அளவான வாக்கோடு நின்றனர். இந்தியா அந்நிலையை எய்தியது 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பாலேயே.

அத்தேர்தலை யாழ்ப்பாணத்துத் தொகுதிகள் புறக்கணித்தன. முழு விடுதலை வேண்டும் என்று இளைஞர் காங்கிரஸ் கோரியமையே அதற்குக் காரணம். மட்டக்களப்பு அப்புறக்கணிப்பிற் சேரவில்லை. மட்டக்களப்புத் தெற்கிலிருந்து தெரிவான மாக்கான் மாக்கார் அமைச்சருள் ஒருவரானார். வடக்கும் கிழக்கும் ஒரே மொழி பேசினும், எப்போதும் ஒரே வழியிற் சென்றன அல்ல என்பதை அன்றே வாவிக் கரை காட்டிற்று.

வாக்கினால் கிடைத்த இடத்தை அக்கரை எவ்வாறு பயன்படுத்திற்று? 1944ஆம் ஆண்டு மே மாதத்தில், சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணை அரசாங்க சபையில் விவாதிக்கப்பட்டது. திருகோணமலை–மட்டக்களப்புத் தொகுதியின் உறுப்பினர் வி. நல்லையா, சிங்களத்தோடு தமிழும் சேர்க்கப்படல் வேண்டும் எனத் திருத்தம் கொணர்ந்தார். திருத்தம் ஏற்கப்பட்டது; சிங்கள உறுப்பினர் பலரும் அதற்கு இசைந்தனர். ஒரு சிறு சொல் சேர்ந்ததனால் இரு மக்களும் ஒரு கூரையின்கீழ் வாழும் வழி புலப்பட்டது. அவ்வழியிற் சென்றிருப்பின் பின்வந்த துன்பங்களுட் பல வாராதிருந்திருக்கலாம். 1956ஆம் ஆண்டிலோ சிங்களம் மட்டுமே அரசகரும மொழி எனச் சட்டமாயிற்று. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என விதித்தது 1987ஆம் ஆண்டில். நல்லையா சேர்த்த சொல் நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் ஏற 43 ஆண்டுகள் சென்றன. அவ்விடைக்காலத்தில் நாடு போரினுட் புகுந்துவிட்டது.

நிலத்திலும் நீரிலும் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. பட்டிப்பளை ஆறு எனத் தமிழர் வழங்கிய கல்லோயாவை மறித்து அணைகட்டும் பணி 1949ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அமெரிக்காவின் தெனசி ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டம் அதற்கு முன்மாதிரியாயிற்று. மொறிசன்–நட்சன் என்னும் அமெரிக்க நிறுவனமே அணையைக் கட்டிற்று. சேனாநாயக்க சமுத்திரம் எனப் பெயர்பெற்ற அந்நீர்த்தேக்கம் பெருநிலப்பரப்பிற்கு நீர் ஈந்தது. உழவர் அதனாற் பயன்பெற்றனர் என்பதை மறுத்தல் இயலாது. ஆயினும், காடு வெட்டிக் குடியேற்றப்பட்டோர் பெரும்பாலும் பிறமாகாணச் சிங்கள மக்களாயிருந்தமையால் மாவட்டத்தின் மக்கட்பரம்பல் மாறிற்று. 1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மொழிச் சட்டத்தின் கொந்தளிப்பிடையே, கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் தமிழர் தாக்கப்பட்டுப் பலர் உயிரிழந்தனர். 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. அணைகட்டும் கலையைக் கடல்கடந்து பெற்றவர்கள், குடியேற்றும்போது அயலாரின் அச்சத்தையும் கேட்டறிதல் வேண்டும் என்பதை மறந்தனர்.

யாவற்றினும் கொடிய திருப்பம் 1990ஆம் ஆண்டில் வந்தது. ஆகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளும் உட்படத் தமிழர் பலர் அரசபடையினராற் கொல்லப்பட்டனர். ஒரே குடிமுறையும், ஒரே மொழியும், அடுத்தடுத்த வயலும் உடைய மக்கள் ஒருவரையொருவர் ஐயுறத் தொடங்கினர். போர்க்காலத்தின் பெரும்பகுதியில் கதிரவன் எழும் எழுவான்கரை அரசபடையிடமும், கதிரவன் சாயும் படுவான்கரை புலிகளிடமும் இருந்தன. முன்னோர் தோணியிற் கடந்த வாவி 2007ஆம் ஆண்டு வரை போர்முனையின் எல்லைக்கோடாக நின்றது.

இந்நிலத்தில் பயணிகளை ஏற்றிக் கரைசேர்க்கும் மிதவையைப் 'பாதை' என்றே மக்கள் அழைப்பர். நீரிற் செல்வதும் அவர்க்குப் பாதையே. 1920களில் கல்லடியில் எழுந்த பாலமும், 1928ஆம் ஆண்டில் வந்த புகையிரதமும் நகரை வெளியுலகோடு இணைத்தன. படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைக்கு மண்முனைத்துறையிற் பாலம் கிடைத்தது 2014ஆம் ஆண்டிலேயே. அதுவரை நோயாளியும், கருவுற்ற தாயும், தேர்வெழுதும் மாணவனும் அத்துறையில் பாதைக்காகக் காத்துநின்றனர். வாக்குரிமை பெற்று 83 ஆண்டுகள் கழிந்த பின்னரே அத்துறையிற் பாலம் எழுந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாக்கு ஒன்றே வழியைக் கட்டிவிடாது. வாக்களித்தோர் கேட்டுக்கொண்டேயிருத்தல் வேண்டும்.

அமெரிக்காவிலே 1870க்கும் 1965க்கும் இடைப்பட்ட காலத்தை வெறுமனே கழிய விடாதவர்கள் அந்நாட்டின் சாதாரண மக்களே. வழக்குமன்றத்திலும், தேவாலயத்திலும், தெருவிலும் நின்று, எழுதிய உரிமையை நினைவூட்டியோர் அவர்கள். வாவிக் கரையிலும் மொழிச் சட்டம் ஏட்டில் இருக்கின்றது. அலுவலகத்திற்குச் செல்லும் உழவன் தன் மொழியில் விடை பெறுதல் இன்னும் எங்கும் எளிதாகவில்லை. குடிமுறை இரு சமயத்தார் இல்லத்திலும் இருக்கின்றது. பழைய நம்பிக்கை முற்றாக மீளவில்லை. அடுத்த திருப்புமுனை இவ்விரண்டின்பாற்பட்டதாகவே அமையும். அதற்கு ஆண்டு குறித்துத் தரும் ஆற்றல் வரலாற்றிற்கு இல்லை. ஒவ்வோர் ஊரின் பள்ளியிலும், வயல்வெளிக் கூட்டத்திலும், கோயில், பள்ளிவாசல் நிருவாகத்திலும் இருப்போரே அதனைத் தொடங்கக்கூடியவர்.