திராட்சைத் தோட்டத்தில் விளைந்த உரிமை

நுழையும்முன்
உணவை விளைவிப்போரே உணவுக்கு ஏங்குவது எந்நாட்டிலும் அவலமே. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் பெயர்ந்த இரு இனத்து உழவுத் தொழிலாளர்கள், மொழி வேறுபாட்டைக் கடந்து ஒன்றுபட்டு உரிமை பெற்ற வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பெயர்ந்து உழைத்தோர்
அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் பெயர்பெற்றது. பருவத்திற்கேற்பத் தோட்டந்தோறும் பெயர்ந்து சென்று அங்கு அறுவடை செய்தோரில் பிலிப்பைன்ஸ், மெக்சிகோ நாடுகளிலிருந்து வந்தோரும் அவர்தம் வழியினரும் மிகுதி. 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், தனியார் துறைத் தொழிலாளர்க்குச் சங்கம் அமைக்கும் உரிமையை உறுதிசெய்தது. வேளாண் தொழிலாளரையோ விலக்கி வைத்தது. வயல்கள் பலவற்றில் கழிப்பறையோ தூய குடிநீரோ இல்லை. சில பயிர்களுக்குக் களையெடுக்கக் கைப்பிடி குட்டையான களைக்கொத்தே தரப்பட்டது. நாள் முழுதும் குனிந்தே உழைத்ததால் பலருக்கு முதுகெலும்பு பாதிக்கப்பட்டது.

ஓர் இனத்தார் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தால், மற்றோர் இனத்தாரைக் கொண்டு அறுவடையை முடிப்பது தோட்ட உரிமையாளர்களின் வழக்கம். போராட்டங்கள் பலவும் இதனாலேயே தோற்றன.

இணைந்த கைகள்
1965 செப்டம்பர் 8 அன்று, டெலானோ என்னும் ஊரில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் லாரி இட்லியோங் தலைமையில் வேலைநிறுத்தம் தொடங்கினர். மணிக்கு 1.40 டாலர் கூலி வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. மெக்சிகோ வழியினர் மிகுந்திருந்த மற்றொரு சங்கத்தைச் சீசர் சாவேசும் டோலரஸ் ஹுயர்த்தாவும் வழிநடத்தினர். அச்சங்கம் செப்டம்பர் 16 அன்று கூடிப் போராட்டத்தில் இணைய முடிவு செய்தது. பிரித்து வைத்து வெல்லும் பழைய உத்தி வலுவிழந்தது. மறு ஆண்டில் இரு சங்கங்களும் ஒன்றாயின.

அறவழிப் போராட்டம்
சாவேஸ் காந்தியடிகளின் அறவழியைப் போற்றியவர். 1966இல் தொழிலாளர்கள் டெலானோவிலிருந்து மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவுக்கு ஏறத்தாழ 300 மைல் நடந்தனர். போராட்டத்தில் வன்முறை தலைகாட்டலாகாது என்பதற்காகச் சாவேஸ் 1968இல் 25 நாள்கள் உண்ணாநோன்பு மேற்கொண்டார்.

வெளியாட்களைக் கொண்டு பழங்களைப் பறித்துவிடலாம். ஆயின், வாங்குவோர் இல்லையேல் பழங்கள் அழுகும். இதனை உணர்ந்த தொழிலாளர்கள் நாட்டின் பெருநகரங்களுக்குச் சென்று, கடைவாயில்களில் நின்று, திராட்சையை வாங்க வேண்டா என மக்களிடம் வேண்டினர். இலட்சக்கணக்கானோர் அவ்வேண்டுகோளை ஏற்றனர். விற்பனை சரிந்தது. 1970 சூலையில் டெலானோ உரிமையாளர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். கூலி உயர்வு, மருத்துவ நிதி, பூச்சிக்கொல்லியிலிருந்து பாதுகாப்பு ஆகியன கிடைத்தன.

சட்டத்தின் துணை
எனினும், 1973இல் ஒப்பந்தக் காலம் முடிந்தபோது உரிமையாளர் பலர் அதனைப் புதுப்பிக்கவில்லை. போராடிப் பெற்றதைக் காக்கச் சட்டம் தேவை என்பது தெளிவாயிற்று. 1975இல் வேளாண் தொழிலாளரின் சங்க உரிமையை ஏற்கும் சட்டம் கலிபோர்னியாவில் இயற்றப்பட்டது. அவர்களைக் குனியவைத்த குட்டைக் களைக்கொத்தும் அதே ஆண்டில் அங்குத் தடைசெய்யப்பட்டது.

கூலி உயர்வு வயிற்றுக்கு உணவளிக்கும். நிமிர்ந்து நின்று உழைக்கும் உரிமையே மனிதருக்கு மாண்பளிக்கும். டெலானோ தொழிலாளர்கள் இவ்விரண்டையும் வேண்டினர், ஒன்றுபட்டதால் வென்றனர்.