முதலில் ஆர்பிஎம், பிறகு திராட்டில்

போர்விமானச் சிமியுலேட்டரில் ஹரிக்கேனை எடுத்துக்கொண்டு கிளம்பும் பிள்ளைகள் பலர், எதிரியின் குண்டு படும் முன்பே எஞ்சினைப் பறிகொடுத்துவிடுகிறார்கள். காரணம், இரண்டாவது லீவர்.

திராட்டில் எஞ்சினுக்குள் போகும் காற்றையும் எரிபொருளையும் கூட்டிக் குறைக்கும். பக்கத்திலிருக்கும் புரொப்பெல்லர் லீவர், நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) என்பதைத் தீர்மானிக்கும். இதழ்கள் காற்றை வெட்டும் சாய்வுதான் பிட்ச். சாய்வு குறைந்தால் எதிர்ப்பும் குறையும். எஞ்சின் வேகமாகச் சுற்றி முழுத் திறனையும் தரும். மேலெழும்போது வேண்டியது அதுதான். வேகம் பிடித்தபின் சாய்வு கூட வேண்டும். கொழுந்து லொறி அட்டன் வளைவுகளில் முதல் கியரில் ஏறிவிட்டுச் சமதரையில் கியர் மாற்றுவதில்லையா? லொறியில் டிரைவர் மாற்றுகிறார். ஹரிக்கேனில் கவர்னர் என்ற சிறு பொறி மாற்றுகிறது.

கவர்னருக்குள் எடைக்கட்டிகள் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். ஒரு சுருள்வில் அவற்றை அமுக்கிப் பிடித்திருக்கும். சுற்று கூடினால் எடைகள் விரிந்து வால்வைத் தூக்கும். எண்ணெய் ஓட்டம் மாறும். இதழ்கள் இன்னும் சாயும். காற்றின் சுமை ஏறி எஞ்சின் பழைய சுற்றுக்கே இறங்கும். விமானி லீவரைத் தள்ளும்போது அமுங்குவது அந்தச் சுருள்வில்தான். என்ன அழகான ஏற்பாடு! பிரிட்டனின் போர்விமானங்கள் பலவற்றுக்கு 1940 கோடையில்தான் அவசர அவசரமாக இதைப் பொருத்தினார்கள்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய ஸீரோக்களை எதிர்த்து இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன்கள் எழுந்தன. இரத்மலானையில் எதிரி தலைக்கு மேலே வந்துவிட்ட பிறகே ஓடுபாதையை விட்டுக் கிளம்பினார்கள். ஹரிக்கேனின் மெர்லின் எஞ்சினுக்கு உச்சமான 3,000 சுற்று அப்படிப்பட்ட சில நிமிடங்களுக்கானது.

திறன் கூட்ட முதலில் ஆர்பிஎம், பிறகு திராட்டில். குறைக்கும்போது முதலில் திராட்டில், பிறகு ஆர்பிஎம். மாற்றிச் செய்தால், மெதுவாகச் சுற்றும் எஞ்சினின் சிலிண்டருக்குள் அழுத்தம் மிதமிஞ்சி ஏறும், எரிபொருள் வெடித்துத் தட்டும், பிஸ்டன் பழுதாகும்.

இதே லீவர் நம் மலைக்கும் வந்திருக்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கிய செஸ்னா காரவன் நீர்விமானத்தின் டர்பைன் எஞ்சினிலும் அது தனியே உண்டு. புரொப்பெல்லருக்கு உச்சம் 1,900 சுற்று. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே திறனை அதே சுற்றில் காற்றுக்குள் செலுத்த, இதழ்கள் இன்னும் கொஞ்சம் சாய்ந்தாக வேண்டும். தண்ணீரில் பிரேக் ஏது? வேகத்தை அடக்க விமானி இதழ்களை எதிர்ப்பக்கம் திருப்பி, விசையைப் பின்னோக்கி வாங்கலாம்.

முறுக்குவிசையைக் கோணவேகத்தால் பெருக்கினால் திறன் என்று ஏ.எல். பௌதிகவியலில் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். கணினி அறை உள்ள மலையகப் பாடசாலை ஆசிரியர்களே, ஒரு பாடவேளையை ஹரிக்கேனுக்குக் கொடுங்கள். திராட்டிலைத் தொடாமல் இரண்டாவது லீவரை மட்டும் நகர்த்தி, ஏறும் வேகம் எப்படி மாறுகிறது என்று குறித்துவரச் சொல்லுங்கள்.