பலெர்மோவில் நடையும் உணவும்

நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்வது வழக்கம். திரும்பி வந்ததும், கண்டவற்றைக் குறித்துக் கட்டுரை எழுதுமாறு பணிப்பேன். கோட்டையைப் பற்றி நான்கு வரிகளும், வழியில் உண்ட உணவைப் பற்றி நாற்பது வரிகளும் எழுதிக்கொண்டு வருவார்கள். அப்போது எனக்குச் சினம் பொங்கும். நெடுநாள் கழித்துத்தான் உண்மை விளங்கிற்று. பிள்ளைகளிடத்தில் பிழை இல்லை. உண்ட உணவைக் கொண்டே ஓர் ஊரின் வரலாற்றைக் கற்பிக்கும் வகையை நான் அறிந்திருக்கவில்லை.

அந்த வகை இன்று மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நகரங்களில் நன்கு வளர்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஒரு நகருக்கு வந்து சேர்ந்து, சனியும் ஞாயிறும் தங்குகிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு குழுவாகி, உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் பழைய தெருக்களில் நடக்கிறார்கள். கடைதோறும் நின்று சிறிது சிறிதாக உண்கிறார்கள். இதனை விளக்குவதற்கு இத்தாலி நாட்டின் சிசிலித் தீவிலே உள்ள பலெர்மோ நகரை எடுத்துக்கொள்வோம். அங்கே ஏன் நடக்கவேண்டும்? ஏன் தெருவிலே உண்ணவேண்டும்? ஏன் கூட்டமாகச் செல்லவேண்டும்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் நடையைப் பார்ப்போம். பலெர்மோவைக் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் பினீசிய வணிகர் நிறுவினர். கிரேக்கர் அதற்கு இட்ட பெயர் பனோர்மோஸ். எங்கும் துறைமுகமான ஊர் என்பது அதன் பொருள். பின்னர் ரோமானியர் ஆண்டனர். கி.பி. 831இல் அராபியர் கைப்பற்றினர். 1072இல் நார்மானியர் வென்றனர். இத்தனை பேர் மாறி மாறி ஆண்ட பழைய நகரின் ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைக்கு அரை மணி நேரத்தில் நடந்து சென்றுவிடலாம். வண்டியில் செல்வோனுக்கு அங்குள்ள சந்துகள் புலப்படமாட்டா. நடப்பவனோ, யூதர்கள் வாழ்ந்த பழைய பகுதியில் தெருப்பெயர்ப் பலகைகள் இத்தாலியம், எபிரேயம், அரபு ஆகிய மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்பான். தலைமைத் தேவாலயத்தின் முகப்பிலுள்ள தூண் ஒன்றில் குர்ஆன் வாசகம் செதுக்கப்பட்டிருப்பதைத் தொட்டுப் பார்ப்பான். ஸீசா என்னும் அரண்மனையில் 1149ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்லறைக்கல் உள்ளது. கிறித்தவக் குரு ஒருவர் தம் தாயாரின் நினைவாக அமைத்தது அது. அதில் இலத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேயம் ஆகிய நான்கு எழுத்துகளிலும் செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. நால்வகை மக்களும் ஒரே ஊரில் படித்து வாழ்ந்தனர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? அந்தக் காலத்துக் கட்டடங்கள் ஒன்பதை 2015இல் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது.

இனி உணவு. சனிக்கிழமை காலை குழு முதலில் செல்லும் இடம் பல்லாரோ அல்லது காப்போ என்னும் சந்தை. தெருவின் மீது வண்ணத் துணிப்பந்தல். கீழே மீன், காய், பழம், ஒலிவக்காய்க் குவியல்கள். விற்பவர்கள் தம் பொருளை இசைபோல நீட்டிக் கூவி விற்கிறார்கள். அக்கூவலுக்கே அவ்வூர் மொழியில் தனிப்பெயர் உண்டு.

அங்கே கையில் தரப்படும் முதற்பண்டம் பெரும்பாலும் பனெல்லே. கொண்டைக்கடலை மாவை நீரில் கரைத்துக் களியாகக் கிண்டி, மெல்லிதாகப் பரப்பி ஆறவைத்து, வில்லைகளாக அறுத்து எண்ணெயில் பொரிப்பார்கள்; எள் தூவிய ரொட்டியின் நடுவே வைத்துக் கொடுப்பார்கள். ஏழைத் தொழிலாளியின் பகலுணவு அது.

அடுத்து வருவது அரஞ்சினா. குங்குமப்பூவால் மஞ்சளித்த சோற்றை உருண்டையாக்கி, உள்ளே இறைச்சிக் குழம்பும் பட்டாணியும் வைத்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பது. பார்வைக்குச் சிறிய ஆரஞ்சுப்பழம் போல இருப்பதால் இப்பெயர் பெற்றது. இந்தப் பெயரின் வழியைச் சற்றுப் பின்தொடருங்கள். இத்தாலியச் சொல்லுக்கு மூலம் அரபுச் சொல்லாகிய நாரஞ்ச். அதற்கு மூலம் பாரசீகம். அதற்கும் மூலம் நாரங்க என்னும் வடசொல். அவ்வடசொல்லும் திராவிட மொழிகளிலிருந்து சென்றதே என்று மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். நம் வீட்டு ஊறுகாய்ச் சாடியிலுள்ள நாரத்தையை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்! அரபு உழவர்கள் எலுமிச்சை, நாரத்தையின் இனமான கசப்பு ஆரஞ்சு, கரும்பு, கத்தரி முதலியவற்றைச் சிசிலியில் பயிரிட்டனர். வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சும் முறையையும் கற்பித்தனர். இவற்றிற் பல ஆசியாவிலிருந்து மேற்கே பயணம் செய்தவை.

கத்தரியைப் பொரித்து, காடியும் சர்க்கரையும் சேர்த்துப் புளிப்பும் இனிப்புமாகச் சமைக்கும் கப்பொனாத்தா என்னும் கறியில் தக்காளியும் சேரும். தக்காளியோ அமெரிக்காவிலிருந்து பிற்காலத்தில் வந்தது. பலெர்மோவுக்குக் கிழக்கேயுள்ள திராபியா என்னும் ஊரில் மாவைத் திரித்து இழையாக்கி, பல நாடுகளுக்கும் கப்பலில் அனுப்பியதாக, இரண்டாம் ரோஜர் மன்னனுக்காக 1154இல் முடித்த தம் நூலில் அல் இத்ரீசி என்னும் நிலவியல் அறிஞர் எழுதியிருக்கிறார். இத்தாலியரின் புகழ்பெற்ற பாஸ்தாவைப் பற்றிய பழஞ்சான்றுகளுள் அது ஒன்று.

பசியும் அங்கே வரலாறு எழுதியிருக்கிறது. டிசம்பர் 13ஆம் நாள் பலெர்மோ மக்கள் ரொட்டியையும் பாஸ்தாவையும் விலக்கி, அரஞ்சினாவும் வேகவைத்த முழுக் கோதுமையும் உண்கின்றனர். 1646இல் பஞ்சத்தின்போது தானியக் கப்பல் ஒன்று அந்நாளில் வந்தது. மாவாக்கவும் பொறுமையின்றி மக்கள் கோதுமையை அப்படியே அவித்து உண்டனர் என்பது மரபுவழிச் செய்தி. மண்ணீரலையும் நுரையீரலையும் அவித்து வதக்கி ரொட்டியில் வைத்துத் தரும் பண்டமும் ஒன்றுண்டு. யூத இறைச்சியாளர்கள் உயிர்வதைக்குக் கூலியாகக் காசு பெறாமல் உள்ளுறுப்புகளையே பெற்று விற்றதிலிருந்து அது தோன்றிற்று என்பர். 1492ஆம் ஆண்டின் ஆணையால் யூதர்கள் சிசிலியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களது பண்டம் மட்டும் தெருவிலே நிலைத்துவிட்டது. சுவைத்துக்கொண்டே கேட்கும்போது இச்செய்தி நெஞ்சில் சற்று உறுத்துமன்றோ?

மூன்றாம் வினாவுக்கு வருவோம். கூட்டமாகச் செல்வது ஏன்? ஒருவன் வயிற்றுக்கு இரண்டு பண்டங்களே போதும். பலர் பகிர்ந்தால் பத்துப் பண்டங்களைச் சுவைக்கலாம். வழிகாட்டியின் ஊதியத்தையும் பகிரலாம். இவை சிறு பயன்கள். பெரும்பயனை உணர்வதற்குப் பலெர்மோவின் துன்பத்தை அறியவேண்டும்.

நாம் மாமூல் என்று சொல்லும் கொடுமை அந்நகரில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. மாஃபியா என்னும் குற்றக் கூட்டத்தார் கடைதோறும் பணம் கேட்பர். கொடாதவன் கடை எரியும். அப்பணத்திற்கு அவர்கள் இட்ட பெயர் பிட்சோ. அச்சொல் பறவையின் அலகைக் குறிப்பது என்பர். அலகை நனைத்துக்கொள்ளக் கொஞ்சம் கொடு என்பதாம். லிபெரோ கிராஸ்ஸி என்னும் துணி உற்பத்தியாளர் 1991 ஜனவரியில், தாம் இனி ஒரு காசும் கொடுக்கப்போவதில்லை என்று நாளிதழில் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். அவருடன் சேர்ந்து நிற்க வணிகர்கள் முன்வரவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் தம் வீட்டருகே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, கடை ஒன்று திறக்க எண்ணிய சில இளைஞர்கள் செலவுக் கணக்கு எழுதும்போது மாமூலுக்கும் ஒரு வரி ஒதுக்கவேண்டியிருப்பதைக் கண்டு நாணினர். 2004 ஜூன் மாத இறுதியில் ஒருநாள் காலை நகரமெங்கும் சிறு சுவரொட்டிகள் காணப்பட்டன. மாமூல் செலுத்தும் மக்கள் தன்மானம் இழந்த மக்கள் என்னும் பொருள்பட அவற்றில் எழுதியிருந்தது. அடியோபிட்சோ, அதாவது மாமூலுக்கு விடை கொடுப்போம், என்னும் இயக்கம் இவ்வாறு பிறந்தது. இளைஞர்கள் கண்ட வழி எளியது. தனித்து மறுக்கும் கடைக்காரனை அச்சுறுத்துவது எளிது. ஆகவே, மாமூல் மறுக்கும் கடைகளிலேயே வாங்குவோம் என்று ஆயிரக்கணக்கான மக்களிடம் முதலில் ஒப்பம் பெற்றனர். பின்னர் கடைகள் ஒவ்வொன்றாக முன்வந்தன. 1834இல் தொடங்கப்பட்ட ஓர் உணவகத்தின் அப்போதைய உரிமையாளர், மிரட்டியவர்களை நீதிமன்றத்திலேயே அடையாளம் காட்டினார். பல்லாரோச் சந்தையை ஒட்டிய தெருவில் கடை வைத்திருந்த வங்கதேசத்தவர் முதலிய குடியேறிய வணிகர் சிலர் 2016இல் சேர்ந்து காவல்துறையிடம் முறையிட, மிரட்டியோர் பலர் கைதாயினர்.

இவ்வியக்கத்தைச் சார்ந்தோர் பயணிகளுக்காக நடைச்சுற்றுலாவும் நடத்துகின்றனர். மாமூல் கொடாத கடையிலே உண்பதும், அத்தகைய விடுதியிலே உறங்குவதும் அதன் விதி. ஒரு பனெல்லே ரொட்டிக்கு நாம் கொடுக்கும் காசு யார் கைக்குச் செல்கிறது என்று கேட்கப் பயணி கற்றுக்கொள்கிறான். பன்னிருவர் ஒரு கடைவாசலில் கூடி நிற்பது அக்கடைக்காரனுக்கு வருமானமும் ஆகும், துணையும் ஆகும்.

பயணிகளால் தீங்கும் உண்டு என்பதை மறைக்கலாகாது. வுச்சிரியா என்னும் பழஞ்சந்தை பெரிதும் தேய்ந்து, இரவுக் கேளிக்கைக்குரிய இடமாக மாறிவிட்டது. குடியிருந்த வீடுகள் பயணிகள் விடுதிகளாக மாறினால், காய்கறி வாங்குவோர் குறைவர்; வாங்குவோர் குறைந்தால் சந்தை எவ்வாறு வாழும்? ஆதலால் குழு சிறியதாயிருத்தல் வேண்டும். வழியை அடைத்து நிற்றல் கூடாது. வேடிக்கை பார்த்ததோடு செல்லாமல் ஒரு படி ஒலிவக்காயேனும் வாங்குதல் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நடை, ஊருக்கு வடக்கே 600 மீட்டர் உயர்ந்து நிற்கும் பெல்லெக்ரீனோ மலைக்கு. 1624இல் கொள்ளைநோய் பரவியபோது நகரைக் காத்தவராகப் போற்றப்படும் புனித ரொசாலியாவின் குகைக்கோயில் அங்கே உள்ளது. கல் பாவிய பழைய பாதையில் ஏறிச் செல்லும்போது முன்னே செல்வோர் தமிழில் பேசுவதைக் கேட்டால் வியக்கவேண்டா. 1983இல் மூண்ட இலங்கை உள்நாட்டுப் போரினால் புலம்பெயர்ந்த தமிழர் பலர் பலெர்மோவில் குடியேறினர். அவர்களுள் கிறித்தவரும் சைவரும் ஒருங்கே அம்மலைக்கோயிலுக்கு நடந்து சென்று வணங்குகின்றனர். பினீசியர் முதல் எத்தனையோ மக்களை ஏற்றுக்கொண்ட நகரம் நம்மவருக்கும் இடம் தந்திருக்கிறது. நாரத்தையின் பெயர் சென்ற திசையிலேயே, பல நூற்றாண்டுகள் கழித்து, நம் மொழியும் சென்று சேர்ந்திருக்கிறது.

மாணவச் செல்வங்களே! நீங்கள் எந்த ஊருக்குச் சென்றாலும் கால்நடையாகச் செல்லுங்கள். அவ்வூரார் உண்பதை உண்ணுங்கள். நண்பர்களோடு சேர்ந்து செல்லுங்கள். உண்ணும்போது இரண்டு கேள்விகளை மட்டும் மறவாது கேளுங்கள்: இது எங்கிருந்து வந்தது? நான் தரும் காசு எங்கே போகிறது? இவ்விரண்டிற்கும் விடை எழுதிக்கொண்டு வாருங்கள். உணவைப் பற்றி நாற்பது வரிகள் எழுதியதற்காக இனி எந்த ஆசிரியரும் உங்களைக் கடிந்துகொள்ளமாட்டார்.