மருத்துவம் உரிமையா? செலவை ஏற்பது யார் என்பதில் சிக்கல்

புதுதில்லி: உயிருக்குப் போராடும் ஒருவர் மருத்துவமனை வாசலுக்குக் கொண்டுவரப்பட்டால், முன்பணம் கேட்காமல் சிகிச்சை அளிக்க வேண்டியது மருத்துவர்களின் கடமையா? கடமைதான் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே கூறிவிட்டது. அந்தச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு மட்டும் நாடாளுமன்றமும் சட்டப்பேரவைகளும் இன்னும் முழுமையான விடை தரவில்லை.

மக்களின் உடல்நலத்தை மேம்படுத்துவது அரசின் முதன்மைக் கடமைகளில் ஒன்று என்கிறது அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவு. ஆனால், அது வழிகாட்டு நெறிகளில் இடம்பெற்றிருப்பதால், அதைக் காட்டி நேரடியாக நீதிமன்றத்தை நாட இயலாது. எனவே, உயிர் வாழும் உரிமையை வழங்கும் 21-வது பிரிவே நோயாளிகளுக்குத் துணை நிற்கிறது.

1992-ல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமடைந்த தொழிலாளி ஒருவர், படுக்கை இல்லை, வசதி இல்லை என்று பல அரசு மருத்துவமனைகளால் திருப்பி அனுப்பப்பட்டார். இறுதியில் தனியார் மருத்துவமனையில் சுமார் 17 ஆயிரம் ரூபாய் செலவிட்டு உயிர் பிழைத்தார். அந்த வழக்கில் 1996-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 25 ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி இந்தக் கடமையிலிருந்து அரசு நழுவ முடியாது என்றும் தெளிவுபடுத்தியது.

ராஜஸ்தானின் அனுபவம்

இந்த உரிமைக்குச் சட்ட வடிவம் கொடுக்க முயன்றது ராஜஸ்தான். சுகாதார உரிமை மசோதா அம்மாநிலப் பேரவையில் 2023 மார்ச் 21-ம் தேதி நிறைவேறியது. அவசர சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக் கூடாது. நோயாளியால் கட்டணம் செலுத்த இயலாவிட்டால், அத்தொகையை அரசு திருப்பித் தரும் என்பதே அதன் சாரம்.

தனியார் மருத்துவர்கள் கொதித்தெழுந்தனர். எது அவசர சிகிச்சை, பணம் எப்போது, எந்த விகிதத்தில் வந்து சேரும் என்பவை அவர்களது கேள்விகள். அவற்றைச் சுயநலம் என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. அரசிடமிருந்து நிலுவைத் தொகை வரும்வரை சிறிய மருத்துவமனையால் தாக்குப்பிடிக்க இயலாது.

ஏப்ரல் 4-ம் தேதி உடன்பாடு ஏற்பட்டது. 50 படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனைகளுக்கும், அரசிடம் நிலமோ சலுகையோ பெறாத தனியார் மருத்துவமனைகளுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. ஆளுநரின் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால், சட்டத்தை இயக்க வேண்டிய விதிகள் உருவாகவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஆட்சி காங்கிரஸிடமிருந்து பாரதிய ஜனதாவுக்கு மாறியது. 2024-லும் விதிகள் வெளிவரவில்லை.

தில்லியின் தயக்கம்

தேசிய சுகாதாரக் கொள்கையின் 2015-ம் ஆண்டு வரைவில், சுகாதார உரிமைக்குத் தனிச் சட்டம் இயற்றும் யோசனை இடம்பெற்றிருந்தது. 2017-ல் வெளியான இறுதிக் கொள்கை அதைக் கைவிட்டு, படிப்படியான உத்தரவாதத்தோடு நின்றுகொண்டது. சுகாதாரத்தை அடிப்படை உரிமையாக்கி, பொதுப் பட்டியலுக்கு மாற்றலாம் என்று 15-வது நிதிக் குழுவின் உயர்நிலைக் குழு 2019-ல் பரிந்துரைத்தும் அரசியல் சட்டத் திருத்தம் வரவில்லை. பொதுப் பட்டியல் என்றாலே மாநிலங்களுக்கு அச்சம். மாநிலப் பட்டியல் என்பது மத்திய அரசுக்கு வசதியான பதில்.

2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு அளிக்கிறது. ஆனால், அது உள்நோயாளிகளுக்கான திட்டம். சர்க்கரை நோய்க்கு மாதந்தோறும் மருந்து வாங்குபவரின் சுமையை அது குறைப்பதில்லை. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி, மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தங்கள் கையிலிருந்தே செலவிட்டனர். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அரசுகளின் பங்களிப்பு 1.84 சதவீதம் மட்டுமே. 2025-க்குள் 2.5 சதவீதத்தை எட்டுவது 2017 கொள்கையின் இலக்கு.

வழி உண்டு

சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு மட்டும் நிலைமை சற்று மாறியுள்ளது. மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், உச்ச நீதிமன்றத்தின் வற்புறுத்தலுக்குப் பிறகு 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட திட்டம், 7 நாள்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது என்கிறது. இங்கே செலவுக்கென்று தனி நிதி இருக்கிறது. யார் தருவது என்ற கேள்விக்கு இடமில்லை.

லாரி மோதி வருபவருக்கு ஒரு விதி, மாரடைப்பால் வருபவருக்கு வேறு விதி என்பதற்கு அரசியல் சட்டத்தில் நியாயம் இல்லை. கல்விக்காக 2002-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, 2009-ல் சட்டமும் இயற்றிய நாடாளுமன்றத்தால் மருத்துவத்துக்கும் அதைச் செய்ய இயலும். எத்தனை நாளில், எந்த நிதியிலிருந்து பணம் தரப்படும் என்பது அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். இல்லையேல், ராஜஸ்தானில் நடந்தது நாடு முழுவதும் நடக்கும்.