ஆலை நிலம் யாருக்கு?

கோவையில் தேசிய பஞ்சாலைக் கழகத்துக்கு ஐந்து மில்கள்: பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ், 1888இல் தொடங்கிய ஸ்டேன்ஸ். 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை, பழையபடி ஓடவே இல்லை. மில்களைத் திறக்க வேண்டும் என்பதே தொழிலாளர்களின் கோரிக்கை. நம் கோரிக்கையும் அதுவே.

திறக்க மாட்டோம் என்றால், அந்த நிலம் யாருக்கு? அவிநாசி சாலை லட்சுமி மில் வளாகத்தில் 2023இல் லூலு கடை வந்தது. அது தனியார் நிலம். இவை ஐந்தும் பொதுத்துறை மில்கள்.

மும்பையைப் பாருங்கள். அங்கே ஆலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும் என்பதால், தீட்டு என்று சொல்லி தலித்துகளை அந்தப் பிரிவில் விடவில்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது இந்த உரிமையை அம்பேத்கர் கேட்டார். அதே நகரில், தாதரில், இதே கழகத்தின் இந்து மில் நிலத்தில் இன்று அவருக்கு நினைவிடம் எழுகிறது. 2011 டிசம்பரில் மக்கள் மில்லுக்குள் புகுந்து போராடினார்கள். 2015இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

கோவையில் நாம் கேட்பது இதுதான்: பஞ்சுத் தூசியால் மூச்சுத் திணறும் பழைய தொழிலாளர்களுக்கு நுரையீரல் பரிசோதனை மையம், நம் பிள்ளைகளுக்குக் குறைந்த வாடகையில் தொழிற்கூடம், கடை. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. வாங்கிய இயந்திரத்தை எங்கே வைப்பது? வாடகைக்கு இடம் கேட்டால் முதலில் சாதியைக் கேட்கிறார்கள். பொது நிலத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

இந்து மில் நிலம் கேட்டதால்தான் கிடைத்தது. ஏல அறிவிப்பு வரும் முன்பே நாமும் கேட்போம்.