குட்டி லேப்டாப்: எடை குறைவு சரி, உள்ளே என்ன இருக்கு?

பையில் போட்டால் இருப்பதே தெரியாது. பஸ்ஸில் மடியில் வைத்து டைப் செய்யலாம். விலையும் ஒரு நடுத்தர ஸ்மார்ட்போன் அளவுதான். 11.6 இன்ச் லேப்டாப்பைக் கடையில் கையில் எடுத்ததும் 'இதுவே போதுமே'ன்னு தோன்றும். போதுமா?

இந்த ஆசை புதுசு இல்லை. 2007-ல் ஏசஸ் நிறுவனம் 7 இன்ச் திரையோடு, ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் 'ஈ பிசி'யைக் கொண்டுவந்தது. நெட்புக் என்று கொண்டாடினார்கள். சில வருடங்களில் டேப்லெட் வந்து ஓரங்கட்டிவிட்டது.

இன்று முதலில் பார்க்க வேண்டியது ஸ்டோரேஜ். பல மலிவு மாடல்களில் இருப்பது எஸ்எஸ்டி அல்ல, இஎம்எம்சி. வேகம் குறைவு என்பதோடு, மதர்போர்டிலேயே சால்டர் செய்திருப்பதால் பிறகு மாற்றவும் முடியாது. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ். குறைந்தபட்சம் என்றால் விண்டோஸ் ஓடும், அவ்வளவுதான். உங்க வேலையும் சேர்ந்து ஓடுமா என்பது வேறு விஷயம். 64 ஜிபி மாடல் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் போட்டோக்களை அழித்து இடம் பண்ணிய அனுபவம் எனக்கே உண்டு. பத்து டேப் திறந்து வைத்து வீடியோ மீட்டிங்கில் சேர்ந்தால் 4 ஜிபி ரேம் திணறிவிடும். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டிக்குக் கீழே இறங்காதீங்க.

பிராசசரில் இன்டெல் என்100 (2023) இருந்தால் எக்செல், பிரவுசர், மீட்டிங்குக்குத் தாராளம். வீடியோ எடிட்டிங்கை மறந்துவிடலாம். 2019-ல் வந்த செலரான் என்4020-ல் 2 கோர்தான், என்100-ல் 4.

'10 மணி நேர பேட்டரி' என்ற ஸ்டிக்கரை நம்பாமல் வாட்-ஹவர் பாருங்க. 38 வாட்-ஹவர் பேட்டரி, சராசரியாக 7 வாட் செலவு என்றால் ஐந்தரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். டைப்-சி சார்ஜிங் இருந்தால் தனி அடாப்டர் சுமை மிச்சம்.

குரோம்புக்? 2021-க்குப் பிறகு வந்தவற்றுக்கு 10 வருட அப்டேட் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து அல்ல, அந்த வன்பொருள் வெளியானதிலிருந்து. டாலி போன்ற விண்டோஸ் மென்பொருள் தேவைப்பட்டால் இது சரிப்படாது.

செகண்ட் ஹேண்டில் 12.5 இன்ச் ஆபீஸ் லேப்டாப்களும் நல்ல வழிதான். ஆனால் இன்டெல் 8-ம் தலைமுறைக்கு முந்தையது வேண்டாம்: அவற்றுக்கு விண்டோஸ் 11 ஆதரவு கிடையாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

கடையில் விலை பேசுவதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்க: "அண்ணா, இதுல எஸ்எஸ்டி மாத்த முடியுமா?"